பாக் நீரிணையில நேவி படகுல ஏறுனா அது கடற்கொள்ளையா?

தங்கச்சிமடம் கரை:
நம்ம விசைப்படகுல இலங்கை நேவி ஏறி, வலையை அறுத்துவிட்டு ஆளைப் பிடிச்சிட்டுப் போனா, "பன்னாட்டுக் கடலில் கடற்கொள்ளை"ன்னு மனுவுல எழுதலாமா? சங்கத்துல பாதிப் பேர் எழுதியே ஆகணும்னு நிக்கிறாங்க. சட்டப்படி செல்லுமா?

மண்டபம் வக்கீல்:
செல்லாது தம்பி. ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை 101-வது பிரிவுல கடற்கொள்ளைன்னா, பன்னாட்டுக் கடல்ல தனியார் கப்பல்ல வர்றவங்க சொந்த நோக்கத்துக்காகச் செய்யிற வன்முறை. அரசாங்க உத்தரவுல வர்ற போர்க்கப்பல் அதுல சேராது. மாலுமிகளே கலகம் பண்ணிக் கப்பலைப் பிடிச்சிருந்தாத்தான் சேரும். நம்ம 2022 கடற்கொள்ளை தடுப்புச் சட்டமும் இதைத்தான் சொல்லுது.

அதைவிட முக்கியம், பாக் நீரிணையில பன்னாட்டுக் கடலே கிடையாது. 1974 இந்தியா-இலங்கை ஒப்பந்த எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல்ல போகுது. இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் இலங்கை, நடுவுல பொதுக்கடல் ஒரு முழம்கூட இல்ல. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து ஏறியிருந்தா அது இறையாண்மை மீறல். கடற்கொள்ளையை விடக் கனமான புகார், அதையே எழுதுங்க.

பாம்பன் தென்கடல்:
அவங்க பக்கத்துலேருந்து விரட்டிக்கிட்டே வந்து இந்தப் பக்கம் பிடிச்சா? ராத்திரி ஃபைபர் படகுல வந்து ஜிபிஎஸ், வலையெல்லாம் பறிக்கிறவங்க?

மண்டபம் வக்கீல்:
விரட்டுற உரிமை, படகோட சொந்த நாட்டுக் கடலுக்குள்ள நுழைஞ்சதுமே முடிஞ்சிடும், அதே உடன்படிக்கையோட 111-வது பிரிவு. பறிக்கிறவன் தனியார்தான், ஆனா நம்ம கடலுக்குள்ள நடந்தா அது சாதாரணக் கொள்ளை வழக்கு. மரைன் போலீஸ் 1093-க்குச் சொல்லி எஃப்.ஐ.ஆர். போடுங்க.

ஓலைக்குடா:
வழக்கு நிக்கிறதும் விழுறதும் இடக்குறிப்புலதான். ஏறுன நிமிஷமே ஜிபிஎஸ்ல மார்க் அடிக்கணும், அதாவது அந்த இடத்தைப் பதிவு பண்ணணும். படகோட ஜிபிஎஸும் பறிபோயிடும், அதனால பக்கத்துப் படகும் மார்க் அடிச்சு, திரையைப் போன்ல படம் பிடிச்சு வைக்கணும்.

நிறைய மனு கெடுறது எண் எழுதுறதுலதான். போன் அட்சரேகையை 9.38 டிகிரின்னு காட்டும். அது 9 டிகிரி 22.8 நிமிஷம். அதை 9 டிகிரி 38 நிமிஷம்னு எழுதுனா இடம் 15 கடல் மைல் வடக்கே தள்ளிப்போயிடும், ராமேஸ்வரத்துலேருந்து எல்லைக்கோடே அவ்வளவு தூரமில்ல. சில ஜிபிஎஸ்ல கடிகாரம் உலக நேரத்துல ஓடும். அஞ்சரை மணி நேரம் கூட்டலேன்னா, கடலுக்குப் போக மீன்துறை குடுக்கிற டோக்கன்ல உள்ள நேரத்தோட இடிக்கும்.

அதே நேரத்துல விஎச்எஃப் ரேடியோவுல அவசர அழைப்புக்கான 16-வது சேனல்ல கூப்பிடுங்க, சிக்னல் இருந்தா கடலோரக் காவல்படை 1554. அங்க பதிவாகுற நேரம் உங்க மார்க்கோட பொருந்துனா எதிர்த்தரப்பு மறுக்கிறது கஷ்டம்.