சப்பாத்தி பிசைந்த கையும் ஆப்பிள் பையும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒன்டாரியோ ஏரியின் தென்கரை நெடுக ஆப்பிள் தோட்டங்கள். அக்டோபர் பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் பறிக்கப் போவார்கள். நாங்களும் போய் ஒரு கூடை கொண்டுவந்தோம். பாதி தின்றாயிற்று, மீதி வாட ஆரம்பித்தது. எறிய மனம் வராமல், மாவுக்குள் ஆப்பிளை அடைத்து மேலேயும் மாவால் மூடி ஓவனில் சுடும் பை (pie) செய்ய இறங்கினேன்.

முதல் தடவை மாவிலேயே கெட்டுவிட்டது. இருபது வருடமாகச் சப்பாத்திக்குப் பிசைந்த கை இது. மெத்தென்று வரும்வரை அழுத்திப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவும் வைத்தேன். ஓவனிலிருந்து எடுத்தால் மேல்பக்கம் அட்டை மாதிரி, கத்தி இறங்கவில்லை. அடிப்பக்கமோ ஈரமாக, பச்சை மாவாகவே இருந்தது.

பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். அவர் செய்யும்போது கூட நின்றதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டரை கப் மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, 225 கிராம் வெண்ணெய். வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக, கல் மாதிரி இருக்க வேண்டும். அதைத் துண்டு போட்டு மாவில் விரல் நுனியால் நசுக்கினார். நானும் உதவலாம் என்று உள்ளங்கையை இறக்கினேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "கை சூட்டில் வெண்ணெய் உருகிவிடும்" என்றார். பட்டாணி அளவுத் துண்டுகள் மாவில் அப்படியே தெரிய வேண்டுமாம். அப்புறம் ஐஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளித்தார். புட்டு மாவைப் பிடித்துப் பார்ப்போமே, அந்தப் பதத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் நிறுத்திவிட்டார். இந்த வெண்ணெய்த் துண்டுகள் ஓவனில் உருகும்போது அவற்றில் இருக்கும் நீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கிவிடுகிறது. பிசைந்தால் மாவில் இழுவை ஏறிவிடும். சப்பாத்திக்கு அது வேண்டும், இதற்கு ஆகவே ஆகாது.

ஆப்பிளில் அவர் நார்தர்ன் ஸ்பை தவிர வேறு தொடமாட்டார். ராச்செஸ்டருக்குப் பக்கத்தில் ஈஸ்ட் புளூம்ஃபீல்டில் தோன்றிய வகை அது. நல்ல புளிப்பு, வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். மெக்கின்டாஷ் வகை போட்டால் கூழாகிவிடும். நார்தர்ன் ஸ்பை கிடைக்காத ஊரில் கிரானி ஸ்மித் வகை போதும்.

அடி ஈரமாகப் போனதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. நறுக்கிய ஆப்பிளைச் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைச் சாறு போட்டுப் புரட்டி ஒரு மணி நேரம் வடிகட்டியில் வைத்துவிடுவார். வடிந்த சாற்றை மட்டும் தனியாகக் கொதிக்கவிட்டுப் பாகாக்கி, இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைத் தூவிப் புரட்டிய ஆப்பிள்மேல் ஊற்றுவார். பையை ஓவனின் கீழ்த்தட்டில் 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 20 நிமிடம், பிறகு 375-க்குக் குறைத்து 40, 45 நிமிடம். ஆனாலும் கடிகாரத்தைவிடக் கண்ணைத்தான் நம்புவார். மேல் மாவில் போட்ட கீறல்களில் சாறு முதலில் நுரைத்து நுரைத்து வரும். கேசரி இறுகும்போது பொளக் பொளக்கென்று வெடிக்குமே, அப்படி மெதுவாகக் கொதிக்க ஆரம்பித்தால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தம்.

*

அக்கா, நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே பைக்கு பிராம்லி ஆப்பிள்தான் போடுவார்கள். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் அளவு புளிப்பு. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கூழ்ப் பதம்தான் இங்கே வேண்டியது! வெந்தால் பஞ்சு மாதிரிக் குழைந்துவிடும், மேலே சூடான கஸ்டர்டை ஊற்றித் தருவார்கள். என் மாமியார் முதல் முறை சாப்பிட்டுவிட்டு, "பச்சை மாங்காய்ப் பச்சடி மாதிரி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அவர் பங்குக்கு மட்டும் பட்டையோடு ஒரு ஏலக்காயும் தட்டிப் போடுகிறேன்.

*

அக்கா, நான் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறேன். நான் தவறியது பையை வெட்டுகிற இடத்தில். ஓவனிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடமே பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள். பாவம் என்று வெட்டினேன், சாறு முழுவதும் ஓடித் தட்டில் குளமாகிவிட்டது. பாகு ஆறினால்தான் இறுகும். இப்போதெல்லாம் நாலு மணி நேரம் தொடவிடுவதில்லை.

எங்கள் வெர்மான்ட்டில் 1999-ல் ஆப்பிள் பையை மாநிலத்தின் பை என்று சட்டமே போட்டார்கள். குளிர்ந்த பால், வெனிலா ஐஸ்கிரீம், குறைந்தது அரை அவுன்ஸ் செடார் சீஸ், இவற்றில் ஒன்றோடு பரிமாறப் பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. சீஸா என்று நானும் முகம் சுளித்தேன். ஒரு துண்டை உப்புக் கரிக்கக் கரிக்க அந்த இனிப்போடு சேர்த்துத் தின்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் இப்போது ஃப்ரீசரிலேயே கிடக்கிறது.