முதலாண்டு முடிந்ததும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்கள்: உங்கள் அனுபவங்கள்

எட்டாம் வகுப்பு முடித்துத் திருச்சியிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தவள் நான். பள்ளிப் படிப்பு முடிந்ததும், மதிப்பெண்ணுக்காக மெரிட் உதவித்தொகை தந்த ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அங்கே யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் படிக்க விரும்பியது தாவர நோயியல். அந்தத் துறையில் அங்கே இருந்தது ஒரே ஒரு பாடம். அதையும் மூன்றாம் ஆண்டில்தான் எடுக்க முடியும். மாறிவிடுவது என்று அக்டோபரிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பரிந்துரைக் கடிதம் கேட்க உயிரியல் பேராசிரியரின் அறை வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். விட்டுப் போகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். மூன்றாம் முறை உள்ளே போனேன். அவர் முகம் சுளிக்கவில்லை. விண்ணப்பத்துக்காக நான் எழுதி வைத்திருந்த கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "இங்கே என்னென்ன இல்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அங்கே போனதும் முதல் வாரம் என்ன செய்வாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு லால்குடியில் தாத்தாவின் வாழைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. ரஸ்தாளி தார் விடும் முன்பே அடியிலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். தாத்தா ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய வெட்டுவாயில் செம்பழுப்புப் புள்ளிகள் வளையம் வளையமாக இருந்தன. வாடல் நோய். மண்ணில் இருக்கும் பூஞ்சை வேர் வழியாக ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மருந்து தெளித்துப் பயனில்லை. அந்தப் பூஞ்சை பல ஆண்டுகள் அந்த மண்ணிலேயே கிடக்கும். இதைத்தான் கட்டுரையாக எழுதினேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் எந்தெந்தப் பாடம் எடுப்பேன், எந்த ஆய்வகத்தின் கதவைத் தட்டுவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் பார்பரா மக்ளின்டாக் மக்காச்சோளத்தின் குரோமோசோம்களை ஆராயத் தொடங்கிய இடம் அது என்பதும் எனக்குப் பெரிய ஈர்ப்பு. பழைய இடத்தைப் பற்றிய குறை ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

முதலாண்டிலேயே விண்ணப்பிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போகும்போது கையில் இருப்பது ஒரு பருவத்தின் மதிப்பெண் மட்டுமே. அதனால் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களையும் பார்க்கிறார்கள். நடந்துகொண்டிருக்கும் பருவத்துக்கு இடைக்கால அறிக்கை என்று ஒரு தாள் கேட்பார்கள். ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் அதைக் கொண்டுபோய், அன்றைய நிலையில் என்ன கிரேடு என்று எழுதி வாங்க வேண்டும். வேதியியல் ஆசிரியர் மட்டும் பேனாவை மூடிவிட்டார். "வெள்ளிக்கிழமை தேர்வு இருக்கிறது. இப்போது எழுதினால் பி. தேர்வு எழுதிவிட்டு வா" என்றார். கடைசி நாளோ மார்ச் 15. அந்த வாரம் நான் தூங்கியது குறைவு. 14ஆம் தேதி மாலை, திருத்திய தாளை என் முன்னாலேயே கூட்டிப் பார்த்து 'ஏ மைனஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

பிரின்ஸ்டனுக்கும் விண்ணப்பித்தேன். 1990இல் மாறுதல் சேர்க்கையை நிறுத்திய அவர்கள் 2018இல்தான் மறுபடி தொடங்கினார்கள். எடுப்பது மிகச் சிலரைத்தான். கிடைக்கவில்லை. கார்னெலில் கிடைத்தது. பிரின்ஸ்டன், கார்னெல் உள்ளிட்ட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களை ஐவி லீக் என்பார்கள்; அவற்றில் மெரிட் உதவித்தொகையே கிடையாது, வருமானத்தைப் பொறுத்த உதவி மட்டும்தான். இரண்டு இடத்துக் கணக்கையும் அப்பா ஒரு நோட்டில் எழுதி மூன்று நாள் வைத்திருந்தார். நான்காம் நாள் முன்பணம் கட்டினார்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது அறைத்தோழியிடம் சொன்னது. அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து எடுக்கப்போகும் வீட்டுக்கு அவள் வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் என் பெயர். நான் சொல்லி முடித்ததும் அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து அந்தத் தாளைக் கிழியாமல் பிரித்தெடுத்து மடித்து வைத்தாள். மாற நினைப்பவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் மே மாதம் வரை மறைத்தது தவறு.

* * *

கலிஃபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கதை வேறு. முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு மட்டும் தரும் சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு முடித்ததும் பெர்க்லிக்கு மாறிவிடலாம் என்று ஆலோசகரிடம் போனேன். அவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டுக்குத்தான் மாணவர்களை எடுக்கின்றன. படித்த பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள்; 60 செமஸ்டர் யூனிட்டுகள், அல்லது அதற்கு இணையான 90 குவார்ட்டர் யூனிட்டுகள், முடித்திருக்க வேண்டும். கேட்ட தகுதிகளை எட்டினால் இடம் நிச்சயம் என்று சொல்லும் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தமும் ஆறு வளாகங்களில்தான் உண்டு: டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான்டியேகோ அதில் இல்லை. இன்னோர் ஆண்டு அங்கேயே படித்து, டேவிசில் சேர்ந்தேன். அந்த ஆலோசகர் அன்று நேரம் ஒதுக்காமல் போயிருந்தால் ஓராண்டுக் கனவோடு தப்பான பாடங்களை எடுத்திருப்பேன்.

* * *

நான் ஒரு தகப்பன். என் மகள் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஐந்திலும் இல்லை என்று பதில் வந்தது. இருந்த இடத்திலேயே தொடர்கிறாள். கடிதம் எழுதித் தந்த பேராசிரியரிடம் முடிவைச் சொல்லப் போனபோது, அவர் கோடைக்குத் தன் ஆய்வகத்தில் வேலை செய்ய அழைத்திருக்கிறார். இப்போது அங்கேதான் இருக்கிறாள். முதலில் எழுதிய கார்னெல் மாணவியிடம் ஒரு கேள்வி: முதலாண்டில் படித்த பாடங்களுக்கான உங்கள் கிரெடிட்டுகள் முழுவதும் புதிய இடத்தில் ஏற்கப்பட்டனவா? என் இளைய மகனும் இப்போது மாறும் யோசனையில் இருக்கிறான்.

* * *

ஐயா, 30 கிரெடிட்டில் 25 ஏற்கப்பட்டன. மேடைப் பேச்சுப் பாடத்துக்கும் ஒரு கருத்தரங்குக்கும் இணையான பாடம் அங்கே இல்லை. வேதியியலுக்கு ஆய்வக நேரம் எத்தனை என்று கேட்டார்கள். முழுப் பாடத்திட்டத்தையும் நான் சேமித்து வைத்திருந்ததால் அது தப்பியது. தம்பியை ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் பருவம் தொடங்கும் அன்றே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பருவம் முடிந்ததும் சில இடங்களில் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.