2 சாமுவேல் 21: ரிஸ்பாள் காவல் காத்தப்போ தாவீது ஏன் சும்மா இருந்தான்?

கேள்வி:
பைபிள் ஸ்டடிக்கு 2 சாமுவேல் 21 எடுத்திருக்கேன், 10ம் வசனத்த தாண்டவே முடியல. மூணு வருஷ பஞ்சம், முந்தின ராஜா சவுல் கிபியோனியர (கிபியோன் ஊர்க்காரங்கள) கொன்ன பழிக்காக, ராஜா தாவீது அவன் வம்சத்துல ஏழு பேர அவங்க கைல கொடுக்க, அவங்க தூக்குல போடுறாங்க, அதுல ரெண்டு பேர் சவுலோட மறுமனையாட்டி ரிஸ்பாள் பெத்த பசங்க. அந்தம்மா பாறை மேல இரட்டு (சாக்குத்துணி) விரிச்சு, மழை பெய்யுற வரைக்கும் பகல்ல பறவையும் ராத்திரி மிருகமும் அண்டாம காக்குறாங்க. ஆனா உபாகமம் 21:23ல தூக்குனவன அன்னைக்கே அடக்கம் பண்ணணும்னு இருக்கே, ஏன் யாருமே இறக்கல?

பதில் 1:
கிபியோனியர் எமோரியர்ங்கற, இஸ்ரவேலர் அல்லாத ஜனத்துல மிச்சமானவங்க, அந்த சட்டத்த அவங்க பாக்கலன்னு சிலர் சொல்வாங்க பிரதர். எனக்கு ஒத்துவரல. யோசுவா, தூக்குல போட்ட ஆயி பட்டணத்து ராஜாவையே பொழுது சாஞ்சதும் இறக்கச் சொல்றான் (யோசுவா 8:29), எதிரிக்கே அப்படி. கொடுத்தது தாவீது, இறக்க வேண்டிய பொறுப்பும் அவனுக்குத்தான்.

பதில் 2:
14ம் வசனத்த நிதானமா பாருங்க. ஏழு பேர தூக்குனதும் தேவன் கேட்டார்னு இல்ல, அடக்கம் முடிஞ்ச "அதற்குப்பின்பு"தான் கேட்டார்னு இருக்கு. ரிஸ்பாள் செஞ்சது காதுல விழுந்த பிறகுதான் தாவீது எழுந்து யாபேஸ் ஊருக்குப் போயி சவுல், அவன் மகன் யோனத்தான் எலும்ப வாங்கிட்டு வர்றான். பெலிஸ்தர் பெத்சான் ஊர்ல தொங்கவிட்ட அவங்க உடம்புங்கள யாபேஸ் ஆளுங்க ராத்திரி முழுக்க நடந்து போயி எடுத்துட்டு வந்தாங்க, ஏன்னா அம்மோனிய ராஜா நாகாஸ் கைல இருந்து அவங்கள காப்பாத்துனது சவுல். கடைசில எலும்பு சேலா ஊர்ல, சவுலோட அப்பா கீஸ் கல்லறைக்கே வந்து சேருது. ஒரு மறுமனையாட்டி, கைல எந்த அதிகாரமும் இல்ல, ராஜாவ நகர வச்சிட்டாங்க!

கேள்வி கேட்டவர்:
இப்படி யோசிக்கவே இல்ல சிஸ்டர், நன்றி. அந்த ஏழு பேர அடக்கம் பண்ணாங்களா?

பதில் 2:
13ல எலும்புகள சேர்த்தாங்கன்னு இருக்கு, 14ல எபிரேயத்துல சவுல், யோனத்தான் பேர் மட்டும்தான், கிரேக்க மொழிபெயர்ப்புல தூக்கப்பட்டவங்களையும் சேர்த்தே சொல்லுது. சேர்த்து எடுத்தத தனியா விட்டிருக்க மாட்டாங்கன்னுதான் நான் நம்புறேன். இன்னொன்னு, அந்த ஏழுல அஞ்சு பேர் சவுல் மகள் பெத்தவங்க, ரிஸ்பாள் பிள்ளைங்க இல்ல, ஆனா காவல் காத்தது ஏழு பேருக்கும், இத ஸ்டடில கண்டிப்பா சொல்லுங்க.