அம்மாவுடன் வியன்னாவிலிருந்து ரோமுக்கு: இரவு ரயிலா, மலிவு விமானமா?

டிக்கோயா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஐரோப்பாவில் சுற்றிய அனுபவம் உள்ளவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

தம்பி வியன்னாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். வரும் ஜூனில் அம்மாவையும் என்னையும் அங்கே கூப்பிட்டிருக்கிறான். அம்மாவுக்கு 64 வயது. முப்பத்திரண்டு வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால், இப்போது நாலு படி ஏறினாலே வலிக்கிறது. வியன்னாவில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரோமாபுரியில ராயப்பர் கோயிலைப் பார்த்துட்டா போதும்" என்கிறார். புனித பேதுரு பேராலயத்தைத்தான் அப்படிச் சொல்வார். எங்கள் பழைய லயத்து வீட்டில் அந்தக் கோயிலின் காலண்டர் படம் ஒன்று பல வருடம் தொங்கியது. வருடம் முடிந்த பிறகும் கழற்ற விடமாட்டார்.

தம்பிக்கு நான்கு நாள் லீவுதான். புதன்கிழமை காலையில் பாப்பரசர் பொதுமக்களைச் சந்திக்கும் நிகழ்வுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வியன்னாவில் மாலை ஏழு மணிக்கு மேல் ஏறினால் மறுநாள் காலை ஒன்பது மணியளவில் ரோமில் இறங்கும் இரவு ரயில் ஒன்று இருக்கிறது. விமானம் என்றால் ஒன்றே முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. மூன்று பேருக்கும் தனி அறையாக எடுத்தால் ரயில் 290 யூரோ காட்டுகிறது. விமானம் ஆளுக்கு 38 யூரோதான். தம்பி விமானம் என்கிறான். எனக்கு ரயிலில்தான் மனம். அம்மாவைக் கேட்டால், எதில் போனாலும் ஜன்னல் பக்கம் வேண்டுமாம்.

மஸ்கெலியா மச்சான்:

டீச்சர், யோசிக்கவே வேண்டாம், விமானம். நான் வழக்கமாக மலிவு விமானத்தைத் திட்டுகிறவன். 'பிராங்பர்ட் ஹான்' என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். இறங்கிப் பார்த்தால் பிராங்பர்ட் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கட்டுநாயக்காவுக்கு ஹட்டன் விமான நிலையம் என்று பெயர் வைத்தால் எப்படி, அந்தக் கதைதான். பாரிஸ் என்று சொல்லி போவேயில் இறக்குவதும் அப்படித்தான். ஆனால் நீங்கள் சொல்லும் பாதையில் அந்த ஏமாற்று இல்லை. வியன்னா விமான நிலையம் நகரத்திலிருந்து 18 கிலோமீட்டர்தான். ரோமில் பியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கினால் லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் நகரத்தின் பெரிய ரயில் நிலையமான டெர்மினிக்குக் கொண்டு போய் விடும். டிக்கெட் எடுக்கும்போது பியுமிசினோதானா என்று மட்டும் பாருங்கள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாடு ரோமில்.

நானுஓயா பொயின்ட்ஸ்மேன் மகன்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையானவன் இல்லை. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நான் வளர்ந்ததே பதுளை நைட் மெயில் வரும் சத்தத்தில். ஆனாலும் 2023 ஜூனில் நீங்கள் கேட்கும் இதே ரயிலில் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

38 யூரோவை நம்பாதீர்கள். அது ஆளுக்கும், சீட்டுக்கடியில் தள்ளும் ஒரு பைக்கும்தான். அந்தப் பையின் அளவு பல நிறுவனங்களில் 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வைக்கும் பெட்டிக்குத் தனிக் காசு. மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் அதற்கும் காசு. அம்மாவின் ஜன்னலுக்கும் காசு. லியனார்டோ எக்ஸ்பிரஸ் ஆளுக்கு 14 யூரோ. கூட்டிப் பாருங்கள்.

ரயிலில் மூன்று வகை. உட்காரும் இருக்கை, நான்கு அல்லது ஆறு பேர் படுக்கும் கூஷெட், அப்புறம் கட்டிலும் கைகழுவும் தொட்டியும் உள்ள ஸ்லீப்பர். இருக்கையை விட்டுவிடுங்கள். நைட் மெயிலில் ஸ்லீப்பரெட்டில் சாய்ந்துகொண்டு விடிய விடியக் கழுத்து நொந்த நமக்கு அதை அங்கே போயும் அனுபவிக்கத் தேவையில்லை. கூஷெட்டைத் தனி அறையாக எடுத்தால் உங்களுக்குப் போதும். அம்மாவுக்குக் கீழ் பெர்த். இதைக் கட்டாயம் குறித்துப் பதியுங்கள். மேல் பெர்த்துக்கு ஒரு சின்ன ஏணிதான். நான் ராத்திரி இரண்டு மணிக்கு அதில் இறங்கத் தடுமாறியதை மாமியார் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதவுக்கு உள்ளே இரண்டு பூட்டு. அப்படியும் மாமியார் கைப்பையைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தார். விரிப்பு, தலையணை, போர்வை எல்லாம் தருவார்கள். காலையில் நடத்துனர் கதவைத் தட்டி ஒரு தட்டு நீட்டுவார். இரண்டு பன், வெண்ணெய், ஜாம், தேத்தண்ணி. மாமியார் வட்டகொடைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் தூள் சலித்தவர். தேயிலைப் பையைப் பிய்த்து உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார். "டஸ்ட்டுலயும் இது கழிவு டஸ்ட்டு" என்று சொல்லி அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். நீங்கள் ஒரு பிளாஸ்க் கொண்டு போங்கள்.

ஆனால் இதையெல்லாம் விட செம்மரிங் மலைப்பாதை. வியன்னாவை விட்டு ஒரு மணித்தியாலம் போல் ஓடிய பிறகு ரயில் மலை ஏறத் தொடங்கும். குளொக்னிட்ஸிலிருந்து மூர்ஸுஷ்லாக் வரை 41 கிலோமீட்டர். 1854இல் கட்டி முடித்த பாதை, இப்போது யுனெஸ்கோ உலக மரபுரிமை. 16 கல் பாலம் இருக்கிறது. நம் ஒன்பது வளைவுப் பாலமே 1921தான். ஜூனில் அந்த நேரம் இன்னும் வெளிச்சம் இருக்கும். ஒரு வளைவில் ஜன்னல் வழியே பார்த்தால் நாம் போகும் ரயிலின் தலையே தெரிந்தது. மாமியார் என் கையைப் பிடித்து, "தெமோதரைக்கு வந்துட்டமா?" என்றார். நம் பதுளைப் பாதையில் ரயில் சுற்றி வளையும் இடம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு நான் எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ராகலைக்காரி:

அக்கா, விமானத்தில் போனால் இதை மறந்துவிடாதீர்கள். நம்மிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். மலிவு விமானங்கள் பலவற்றில், ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் போனில் போர்டிங் பாஸ் வைத்திருந்தாலும் முதலில் கவுண்டருக்குப் போய் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டிச் சரிபார்க்க வேண்டும். எனக்கு அது தெரியாது. கையில் சின்னப் பை மட்டும்தானே என்று நேராகப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி வாசல் வரை போய்விட்டேன். அங்கே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கவுண்டர், மறுபடி வரிசை. நான் ஓடி வந்தபோது விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. 41 யூரோ டிக்கெட்டுக்கு மேல் இன்னொரு 130.

முதல் தடவை ஓடும்போதே சோதனையில் சீனிச் சம்பல் போத்தலையும் எடுத்துவிட்டார்கள். 100 மில்லிக்கு மேல் குழம்பு மாதிரி எது இருந்தாலும் அவர்களுக்குத் திரவம்தானாம். அம்மா கையால் செய்தது. விமானம் போனதைவிட அதற்குத்தான் அழுதேன்.

டிக்கோயா டீச்சர்:

ஐயோ தங்கச்சி, நல்ல வேளை சொன்னீர்கள். நாங்களும் சம்பல் கொண்டு போவதாகத்தான் இருந்தோம்.

நானுஓயா அண்ணே, வட்டகொடை அம்மாவை நான் பார்க்க வேண்டும். ஒன்று கேட்கிறேன். இரவு ரயிலில் போனால் ஒரு ராத்திரி ஹோட்டல் சல்லி மிச்சம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதானே?

பசறைப் பையன்:

டீச்சர், அந்தக் கணக்கில்தான் எல்லாரும் விழுகிறார்கள். நான் மிலானில் பதினொரு வருடமாக இருக்கிறேன், சொல்கிறேன் கேளுங்கள். போகும் ராத்திரி நீங்கள் ரயிலில் ஏறாவிட்டால் எங்கே படுப்பீர்கள்? தம்பி வீட்டில். அதற்கு வாடகை இல்லை. அதனால் போகும்போது மிச்சம் ஒன்றுமே இல்லை. திரும்பும் ராத்திரிதான் ரோமில் ஹோட்டல் காசு. ஜூனில் மூன்று பேருக்கு அறை என்றால் அங்கே சும்மா கிடைக்காது.

அதனால் திருப்பிப் போடுங்கள். போக விமானம், வர ரயில்.

அம்மா தம்பி வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து செவ்வாய்க்கிழமை காலை பறக்கட்டும். கவுண்டர் வரிசைக்காக இரண்டரை மணித்தியாலம் முன்னதாகப் போய்விடுங்கள். புதன்கிழமை பாப்பரசரைப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாயே ரோமில் இருந்தாக வேண்டும். புதன் காலை ஒன்பது மணிக்கு டெர்மினியில் இறங்கும் ரயிலை நம்பிப் போனால், அது சரியான நேரத்துக்கு வந்தாலும் நீங்கள் கோயில் சதுக்கத்துக்குப் போய்ச் சேரும்போது நிகழ்வு தொடங்கியும் இருக்கலாம். நுழைவுச் சீட்டு இலவசம், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அம்மா சேலைதானே, தம்பியின் காற்சட்டையைப் பாருங்கள்.

வியாழக்கிழமை மாலை நடந்து நடந்து காலெல்லாம் நொந்த நேரத்தில் ரயிலில் ஏறிப் படுத்துவிடலாம். அது ஒரு மணித்தியாலம் பிந்தினால் என்ன, போகிற இடம் வீடுதானே. பிந்தியதற்குக் காசும் கேட்கலாம்: ஒரு மணித்தியாலத்துக்கு மேல் 25 வீதம், இரண்டுக்கு மேல் 50 வீதம். விமானம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி அது அவர்களுடைய பிழையாக இருந்தால் ஆளுக்கு 250 யூரோ. இலங்கைப் பாஸ்போர்ட் என்பதால் கேட்காமல் விடாதீர்கள், சட்டம் எல்லாப் பயணிக்கும்தான்.

ஒன்றே ஒன்று. இத்தாலியில் 'ஷோப்பெரோ' என்று ஒரு சாமான் இருக்கிறது, வேலை நிறுத்தம். முன்கூட்டியே அறிவிப்பார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில் வைப்பார்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நானுஓயா பொயின்ட்ஸ்மேன் மகன்:

பசறைத் தம்பி, கணக்கில் பிழை சொல்ல முடியவில்லை. ஆனால் என் செம்மரிங்?

பசறைப் பையன்:

அண்ணே, எங்கே போய்விடும்? திரும்பும்போது அதே மலையைக் காலையில் இறங்குவார்கள். பன்னும் ஜாமும் கையில் இருக்கும் நேரம்.

நானுஓயா பொயின்ட்ஸ்மேன் மகன்:

சரி, அப்படியானால் ஒத்துக்கொள்கிறேன். டீச்சர், நடத்துனரிடம் காலைச் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். எல்லைக்குப் பக்கத்தில் சில நாள் பொலிஸ் ஏறிப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டை அடிப் பெட்டியில் போட்டுவிட்டு ராத்திரி தேடாதீர்கள்.

மஸ்கெலியா மச்சான்:

பாதி வெற்றி எனக்கும்தான். விசா கையில் வராமல் எதையும் வாங்கிவிடாதீர்கள் டீச்சர். மலிவு டிக்கெட் எதற்கும் காசு திரும்பி வராது. விசா விண்ணப்பத்துக்கே ஆளுக்கு 90 யூரோ போகிறது. ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். ரோமுக்கு ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகப் பதியுங்கள். ரயிலிலும் சற்று விலை கூடிய, ரத்து செய்யக்கூடிய வகை இருக்கிறது.

டிக்கோயா டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. தம்பியிடம் இரவு பேசினேன். செவ்வாய் காலை விமானம், வியாழன் மாலை ரயில், கூஷெட் தனி அறை, அம்மாவுக்குக் கீழ் பெர்த். அவனும் சரி என்றுவிட்டான். வெள்ளிக்கிழமை லீவு மிஞ்சுகிறதாம், தூங்கப் போகிறானாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தெமோதரைக் கதைக்குச் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சீனிச் சம்பலை வியன்னாவுல வச்சிட்டுப் போனா, ரோமாபுரியில மூணு நாளும் என்னத்தத் திங்கிறது?" என்றார். பசறைத் தம்பி, டெர்மினி பக்கம் சோறு கிடைக்குமா?

பசறைப் பையன்:

கிடைக்கும் டீச்சர். டெர்மினியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் விட்டோரியோ சதுக்கம், பக்கத்தில் எஸ்குயிலினோ சந்தை. நம் அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் அங்கே பார்க்கலாம். சம்பல் மட்டும் அம்மா செய்த மாதிரி இருக்காது.