மரக்கானா போனவர்கள் இருக்கிறீர்களா? ஒரு சந்தேகம்

ஓரக்கோடு:
ரியோவில் மரக்கானா கால்பந்து மைதான டூர் போனேன். உடைமாற்றும் அறை, மைதான ஓரம் எல்லாம் நீங்களே படத்தில் பார்த்திருப்பீர்கள், விடுங்கள். பெரிய ஆட்டக்காரர்களின் கால் தடம் பதித்த பகுதியில் உருகுவே ஆட்டக்காரர் கிக்யாவுடையதும் உண்டு, 2009-இல் அவரையே வரவழைத்துப் பதித்தார்கள். எங்கள் கூட்டத்தில் உருகுவே சட்டை போட்ட ஒரு பொடியன் அதன்மேல் காலை வைத்து அளவு பார்க்கப் போனான். பிரேசில்காரப் பெரியவர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, ஷூவைக் கழற்று என்று சைகை காட்டினார். அவன் கழற்றினான், அவரே அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது பையனின் அப்பாவிடம் ஒரே பெயர்தான் சொன்னார்: பார்போசா. 1950 உலகக் கோப்பையில், பிரேசில் டிரா செய்தாலே கோப்பை என்றிருந்த உருகுவேயுடனான கடைசி ஆட்டத்தில், 79-வது நிமிடம் கிக்யாவிடம் கோல் வாங்கி, 2000-இல் சாகும்வரை திட்டு வாங்கிய அதே பிரேசில் கோல்கீப்பர். அந்தப் பெரியவர் செய்தது மரியாதையா, குத்திக்காட்டலா? இன்னும் புரியவில்லை.

உப்புமா:
இரண்டும் இல்லை, ஷூ அழுக்கு படக்கூடாது என்று நினைத்திருப்பார். நீங்கள்தான் கதை கட்டுகிறீர்கள். அதோடு நீங்கள் பார்த்தது 1950 மைதானமே இல்லை சார். அன்றைக்கு டிக்கெட் வாங்கியவர்களே 1,73,850 பேர், இப்போது எண்பதாயிரத்துக்கும் குறைவு. நின்றே பார்க்கும் மலிவு டிக்கெட் பகுதியான ஜெராலை 2005-இல் மூடினார்கள், 2014 உலகக் கோப்பைக்காக உள்ளே இருந்த கேலரியை இடித்துக் கட்டினார்கள். நான் ஆட்டம் பார்க்கப் போனபோது முன்வரிசையில் ஒருவர் கடைசிவரை உட்காரவே இல்லை. பின்னால் எல்லோரும் கத்த, கீழே மைதான ஓரத்தைக் காட்டி, என் இடம் அங்கே, அங்கே யாரும் உட்கார மாட்டோம் என்றாராம், பக்கத்து சீட் பெண் சொன்னார். மரக்கானா என்றால் எனக்கு அவர்தான்.

மூன்றாவது கோல்:
டூருக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள் இரண்டு பேரும்? ஓ, உப்புமா ஆட்டத்துக்குப் போனாரா, சரி. நான் ரியோவின் இரு கிளப்புகளான ஃப்ளமெங்கோ - ஃப்ளுமினென்சே ஆட்டத்துக்குப் போய், ஃப்ளுமினென்சே ரசிகர்கள் வாரி இறைத்த வெள்ளைப் பவுடரில் முதல் பத்து நிமிடம் தும்மியதுதான் என் அனுபவம். இனிப் போகிறவர்கள் கேளுங்கள். மெட்ரோவில் போங்கள், மரக்கானா என்றே ஸ்டேஷன் இருக்கிறது, இறங்கினால் மைதானம் எதிரிலேயே. இந்த ஆட்டத்துக்கு வடக்குப் பக்கம் ஃப்ளமெங்கோ, தெற்கு ஃப்ளுமினென்சே, சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் கிழக்கிலோ மேற்கிலோ டிக்கெட் எடுங்கள். ஃப்ளமெங்கோவின் சிவப்பு-கறுப்புச் சட்டையோடு தெற்கில் போய் நிற்காதீர்கள், சாதாரணச் சட்டை போதும். யாரையாவது சந்திப்பதாக இருந்தால் 1958 உலகக் கோப்பை பிரேசில் கேப்டன் பெல்லினி பெயரில் வாசலில் உள்ள சிலை அருகே நிற்கச் சொல்லாதீர்கள், ஊரே அங்கேதான் நிற்கும். போனை முன்பாக்கெட்டில் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் மெட்ரோவுக்கு ஓட வேண்டாம், அரை மணி கழித்துக் கிளம்புங்கள். ஆஸ்துமா இருந்தால் தெற்குப் பக்கமே வேண்டாம், இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை.