ஒரகடம் வேர்ஹவுஸில் முதல் இன்டர்வியூ, என்ன கேட்பார்கள்?

பாலாற்றுக்கரை:
வணக்கம். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் ஆகிறது, அதிலிருந்து ஊரில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறேன். வியாழக்கிழமை ஒரகடத்தில் பிக்கிங், பேக்கிங், அதாவது ரேக்கிலிருந்து சரக்கை எடுத்துப் பெட்டி கட்டும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேர்ஹவுஸ் அனுபவம் எதுவும் இல்லை. இங்கிலீஷில் கேட்பார்களா? சம்பளம், ஷிஃப்ட் பற்றி நானாகக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

டிஸ்பேட்ச் அண்ணன்:
தம்பி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒன்பது வருடமாக இதே வேலை, இப்போது ஆள் எடுக்கும்போது நானும் உட்காருகிறேன். நாங்கள் தமிழில்தான் பேசுவோம். அனுபவம் இல்லை என்று நீங்களே சொல்லாதீர்கள். கடையில் பழைய சரக்கை முன்னால் இழுத்து வைத்துப் புதுசைப் பின்னால் அடுக்கியிருப்பீர்களே, அதைத்தான் இங்கே ஃபிஃபோ என்கிறார்கள். லோடு வந்ததும் பில்லோடு சரிபார்த்து இறக்கினீர்கள் என்றால் அது இன்வேர்ட். அப்படியே சொல்லுங்கள்.

நான் வழக்கமாக ஒரு கணக்கு கேட்பேன்: பெட்டிக்கு 24 வீதம் 17 பெட்டி, உதிரி 5, மொத்தம் எவ்வளவு? 413 என்று நிதானமாகப் போட்டுச் சொன்னாலே போதும், வேகம் வேண்டாம். அப்புறம், சிஸ்டத்தில் 10 காட்டுகிறது, ரேக்கில் 9தான் இருக்கிறது, என்ன செய்வீர்கள் என்பேன். பலர் பக்கத்து ரேக்கிலிருந்து ஒன்றை எடுத்துச் சரிக்கட்டுவேன் என்கிறார்கள். அங்கேதான் வாய்ப்பு போகிறது. குறைகிறது என்று சூப்பர்வைசரிடம் உடனே சொல்வேன் என்பவரைத்தான் நான் எடுப்பேன், ஏனென்றால் மறைத்த ஒரு பீஸ் ஸ்டாக் எடுக்கும்போது எல்லோர் தலையிலும் விடியும்.

காஞ்சி ராஜா:
சம்பளத்தைக் கட்டாயம் கேளுங்கள். கம்பெனி ரோலா (கம்பெனியே நேரடியாக எடுப்பது), கான்ட்ராக்டா (இடையில் ஒரு கான்ட்ராக்டர் மூலம் எடுப்பது), சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும், இதுதான் முதல் கேள்வி. 16,000 என்றால் கைக்கு 16,000 வராது. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வையுங்கள், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,440, இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் 120, மீதி 14,440. பிடிப்பது நல்லதுதான், ஆனால் உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரை வாங்கி, பணம் உண்மையிலேயே ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன், யூனிஃபார்முக்கு டெபாசிட் கட்டு என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். நான் 3,000 கொடுத்து ஏமாந்தேன், கொடுத்த மறுநாளே அந்த ஆளின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

நைட் ஷிஃப்ட் அக்கா:
நைட் வருவீர்களா என்று கேட்டால் வேலை கிடைக்க வேண்டுமே என்று சரி சொல்லிவிடாதீர்கள். எங்கள் பேட்ச்சில் அப்படிச் சொன்ன மூன்று பேர் பத்து நாளில் நின்றார்கள். பஸ் உங்கள் ஊர் வரை வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்று கேளுங்கள், விடிகாலையில் அங்கிருந்து நடப்பது சாதாரணம் இல்லை. போகும்போது செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், வேர்ஹவுஸைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போவார்கள். பெட்டி தூக்கச் சொன்னால் முட்டியை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், குனிந்து இழுத்தால் முதுகு போய்விடும்.

பாலாற்றுக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. போய் வந்தேன். பெட்டிக் கணக்கு கேட்டார்கள், வேறு எண்கள், சரியாகச் சொன்னேன். கான்ட்ராக்ட்தான், முதல் மாதம் பகல் ஷிஃப்ட். பஸ் வாலாஜாபாத் வரைக்கும் வருகிறது, அங்கிருந்து அப்பா வண்டியில் கூட்டிப்போவார். திங்கள்கிழமை சேர்கிறேன்.