மேலவளவைப் பாடத்தில் சொன்னால் சாதி வளர்ந்துருமா?

மேலூர்க்காரன்:
நேத்து இங்க ஒரு மகான் எழுதியிருக்காரு: “ஸ்கூல்ல பேசுறதாலதான் பிள்ளைகளுக்குச் சாதியே தெரியுது. எங்க பக்கத்து ஸ்கூல் டீச்சர் மேலவளவு கதையைச் சொன்னதோட விடாம, ஒரு பையன் கையில இருந்த கோயில் கயிறையும் அறுத்துப்புட்டாங்க.” படிச்சதுல இருந்து வயிறு எரியுது. ஒம்பதாப்புல உள்ளாட்சிப் பாடம் இருக்கு. மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி பட்டியல் சாதிக்காரங்களுக்குத் தனி ஆச்சு, ஜெயிச்ச முருகேசனோட சேத்து ஆறு பேரை 1997 ஜூன் 30ல பஸ்ஸை மறிச்சு வெட்டுனாங்க. நம்ம தாலுகாவுல நடந்ததைச் சொல்லாம என்னத்த உள்ளாட்சி நடத்துறது?

புதூர் பாண்டி:
அந்த மகான் நான்தான். பேரைச் சொன்னா வாய் வலிக்குமோ? பாண்டி கோயில்ல கட்டுன கயிறு. அறுத்தாங்களா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

செல்லூர் செல்வி:
அறுத்ததை நீங்க பாத்தீங்களாண்ணே? கழட்டச் சொன்னதாத்தான் நான் கேள்விப்பட்டேன்.

புதூர் பாண்டி:
கழட்டச் சொன்னா என்ன, அறுத்தா என்ன? சாமி கயிறும்மா அது.

மேலூர்க்காரன்:
சாமி கயிறுன்னா ஒத்தக் கலரா, ரெண்டு கலரா?

புதூர் பாண்டி:
கலரைப் பத்தி எதுக்கு? கோயில்ல கொடுக்குறது எல்லாம் கயிறுதான்.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, கலருதான் விசயமே. என்ன சாதின்னு காட்டத்தான கலர் கலராக் கட்டுறாங்க. 30 வருசத்துக்கு மேல சாக்பீஸ் பிடிச்சவன் சொல்றேன். பிள்ளைகளுக்கு நாங்க சொல்லித்தான் சாதி தெரியணும்னு இல்ல. காம்பஸ் முனையால சாதித் தலைவர் பேரைப் பெஞ்சுல கீறி, அதுக்குள்ள மை ஊத்தி வச்சிருப்பான். அடுத்த வாரம் இன்னொருத்தன் அதைச் சுரண்டிட்டு வேற பேரு எழுதுவான். ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டைச் சத்தமா வாசிச்சா போதும், மொத்த வகுப்பும் திரும்பிப் பாக்கும். 2023ல நாங்குநேரியில கூடப் படிச்ச பையனையே வீடு புகுந்து வெட்டுனாங்களே, அது எந்தப் பாடத்துல வந்துச்சு? அதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 அறிக்கையில கலர் கயிறு, மோதிரம், நெத்தியில பொட்டு எல்லாத்தையும் தடுக்கச் சொல்லிருக்கு.

புதூர் பாண்டி:
ஐயா, குழு சொன்னது சட்டமா? 2019லயும்தான் கயிறு கூடாதுன்னு சர்க்குலர் வந்துச்சு. அப்ப இருந்த அமைச்சரே பழைய நடைமுறைதான் தொடரும்னு சொல்லிட்டாரு. நீங்க பென்சன் வாங்கிட்டு நிம்மதியா இருக்கீங்க. வெட்டுனவன் பக்கத்துப் பிள்ளையும் வெட்டுப்பட்டவன் பக்கத்துப் பிள்ளையும் ஒரே வகுப்புல உக்காந்திருக்கு. டீச்சர் நாலரைக்கு ஸ்கூட்டியில போயிருவாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒண்ணா நிக்கப் போறது அந்தப் பிள்ளைகதானே? அப்ப யாரு வந்து நிப்பா, நீங்களா? மறுபடி கேக்குறேன், கயிறை அறுத்தாங்களா இல்லையா?

செல்லூர் செல்வி:
பஸ் ஸ்டாண்டு பேச்சுல நியாயம் இருக்கு. அதுக்காக அந்த டீச்சரையே...

புதூர் பாண்டி:
பாத்தீங்களா, அக்காவே ஒத்துக்கிட்டாங்க.

செல்லூர் செல்வி:
நான் எதையும் ஒத்துக்கல. அக்கான்னு வேற கூப்பிடாதீங்க, மேல ‘அம்மா’ன்னீங்க. போன மாசம் ஜல்லிக்கட்டுச் சண்டையிலயும் என் பேச்சை இப்படித்தான் பாதியில வெட்டி ஒட்டுனீங்க. மறக்கல.

மேலூர்க்காரன்:
பாண்டி, மேலவளவு வழக்குல 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அதுல 13 பேரை 2019 நவம்பர்ல விட்டாச்சு. இது உங்க வீட்டுப் பையனுக்குத் தெரியுமா? தெரியாது. ஏன்னா அவன் படிக்கிறது சிபிஎஸ்இ. கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சரைப் பத்திக் கவலை மட்டும் உங்களுக்கு.

புதூர் பாண்டி:
என் பையனை இழுக்காதீங்க, சொல்லிப்புட்டேன். என் தங்கச்சி மகன் அங்கதான் படிக்கிறான். அவன் சொன்னதுதான் எல்லாமே.

மேலூர்க்காரன்:
ஓ, அப்ப கயிறு அவன் கையிலதான் இருந்துச்சா?

புதூர் பாண்டி:
நான் அப்படிச் சொன்னேனா?

ஓய்வு வாத்தியார்:
சொல்லாமச் சொல்லிட்டீங்க தம்பி. கலரை மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

புதூர் பாண்டி:
வாத்தியாரய்யா, நீங்க பெரிய மனுசர்னுதான் பொறுத்துப் போறேன். மத்தவுகளுக்குச் சொல்றேன்: வேளச்சேரியில ஏசியில உக்காந்துகிட்டு ‘மேலூர்க்காரன்’னு பேரு வச்சவரு எங்களுக்கு ஊர் நிலவரம் சொல்ல வேணாம். ஓட்டுப் போடக்கூட வர்றதில்ல.

மேலூர்க்காரன்:
எங்க இருந்தாலும் எனக்கு ஓட்டு மேலூர்லதான்யா. ஒவ்வொரு தடவையும் வந்து போட்டுட்டுத்தான் போறேன். அது சரி, நீங்க புதூர்ல எந்தத் தெரு?

புதூர் பாண்டி:
தெருவை எதுக்குக் கேக்குறீங்க?

மேலூர்க்காரன்:
சும்மாதான்.

புதூர் பாண்டி:
சும்மா கேக்குற கேள்வியா அது? மூன்றுமாவடி வாங்க, டீ வாங்கித் தர்றேன். என் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க.